இருக்கின்ற கட்டடத்தைச் சீர்செய்வதே முதற் சேமிப்பு

இலங்கையின் மின்சாரத்துக்குத் தாய்வீடு எதுவெனக் கேட்டால் மத்திய மலைநாட்டையே சுட்டிக்காட்ட வேண்டும். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகிய இரு ஆறுகளும் மலையிலிருந்து இறங்கும் வேகத்தைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்பதை 1918 ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர ஆய்வுக்கட்டுரை ஒன்றின் மூலம் எடுத்துரைத்தார். அந்தக் கனவு நனவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் அவரது பெயரைத் தாங்கிய விமலசுரேந்திர மின்நிலையமும், பொல்பிட்டிய, புதிய லக்சபான, கென்யன் ஆகியனவும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இவற்றின் நடுவே, கொழும்பிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்திருப்பதே கினிகத்தேனை நகர்.

இந்த மின்சாரத்துக்காக மலையக மக்கள் கொடுத்த விலை சிறியதன்று. 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் அமிழ்ந்தது. வறட்சியில் நீர்மட்டம் தாழும்போதெல்லாம் அந்நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சிதைந்த நிலையில் வெளித்தெரிவதை இன்றும் மக்கள் சென்று பார்த்து வருகின்றனர். தம் கடைத்தெருவை நீருக்குக் கொடுத்த மக்களின் லயங்களுக்கு மின்விளக்கு வந்து சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன என்பது தனிக்கதை.

அத்தகைய மண்ணிலே இன்று கடைக்காரரும் உணவக உரிமையாளரும் தேயிலைத் தொழிற்சாலை நிர்வாகியும் மாதந்தோறும் மின்பட்டியலைக் கண்டு கலங்குகின்றனர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதையும், அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டதையும் எவரும் மறந்திருக்க முடியாது. அதன் பின்னர் கட்டணம் பல தடவைகள் குறைக்கப்பட்டும் கூட்டப்பட்டும் வந்துள்ளது. ஆயினும் அந்த இரு அதிர்ச்சிகளும் ஏற்படுத்திய அச்சம் வர்த்தகர்களின் மனதை விட்டு அகலவில்லை.

கட்டணத்தைக் குறைக்குமாறு கோருவது நியாயமானதே. ஆனால் கட்டணம் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கடைக்காரரின் கையில் இல்லை. எத்தனை அலகு செலவாகின்றது என்பதோ பெருமளவுக்கு அவரது கட்டடத்தின் கையில் இருக்கின்றது. இந்த இரண்டாவது விடயம் குறித்து நம்மிடையே போதிய கவனம் செலுத்தப்படவில்லை என்பதையே இங்கு நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். புதிய கருவி வாங்குவதற்கு முன்னர், கூரையில் சூரியத் தகடு பொருத்துவதற்கும் முன்னர், ஏற்கனவே நிற்கின்ற கட்டடத்தைச் சீர்செய்ய வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் செலவு இரட்டிப்பாகும்.

வசதியும் சிக்கனமும் பகையல்ல

சிக்கனம் என்றதும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இருப்பது, மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைவது என்றே பலரும் எண்ணுகின்றனர். மின்நெருக்கடி ஏற்பட்ட காலங்களிலெல்லாம் அரச அறிவிப்புகளும் அவ்வாறே அமைந்திருந்தமை இதற்கு ஒரு காரணமாகும். 1996 இல் வறட்சியினால் நீர்மின் உற்பத்தி வீழ்ந்தபோது நாட்டின் கடிகாரத்தையே முன்நகர்த்தும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. அந்த மாற்றத்தின் எச்சம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. இவை யாவும் மக்களின் பழக்கத்தை வற்புறுத்தி மாற்ற எடுக்கப்பட்ட முயற்சிகளேயன்றிக் கட்டடங்களைத் திருத்த எடுக்கப்பட்டவை அல்ல.

உண்மையில் ஒரு கட்டடத்தில் மின்சாரம் வீணாகும் இடமும் அங்கு வேலை செய்பவர் துன்புறும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. தகரக்கூரையின் வெப்பம் இறங்கும் இடத்தில்தான் மின்விசிறி நாள்முழுவதும் சுழல்கின்றது. ஈரம் ஊறிய சுவருக்கு அருகில்தான் புடைவைகளில் பூஞ்சணம் படிகின்றது. அதைப் போக்கவே வளிச்சீராக்கி ஓடுகின்றது. வெப்பக்காற்றுக் குழாய் கசியும் இடத்தில்தான் தொழிற்சாலைத் தொழிலாளி வெந்து நிற்கின்றார். ஒரே திருத்தம் இரு குறைகளையும் தீர்க்கும்.

அளந்த பின்னரே செலவு

நோயறியாமல் மருந்து கொடுப்பது எவ்வளவு தவறோ, அளந்து பாராமல் கருவி வாங்குவதும் அவ்வளவு தவறாகும். கடந்த 12 மாதங்களின் மின்பட்டியல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினாலே பாதி உண்மை வெளிப்பட்டுவிடும். கடை மூடியிருந்த விடுமுறை மாதத்திலும் செலவு பெரிதும் குறையவில்லையென்றால், எவருமில்லாத வேளையிலும் எதுவோ மின்சாரத்தை உண்டுகொண்டிருக்கின்றது என்பது பொருள். இரவு கடை பூட்டும்போதும் காலை திறக்கும்போதும் மின்மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டால் அந்த இரகசியம் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

அண்மை ஆண்டுகளின் கட்டண அட்டவணைகளில், சிறிய வர்த்தக நிலையங்கள் மாதமொன்றுக்கு 180 அலகு என்ற எல்லையைத் தாண்டும்போது அலகொன்றுக்கான விலையும் உயர்ந்துவிடுகின்றது. எனவே எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் கடைக்குச் சிறு சேமிப்பும் பெரும் இலாபமாகும்.

பெரிய பாவனையாளர்களுக்கு வேறு இரு கணக்குகள் உண்டு. முதலாவது நேரம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சநேரத்தில் அலகின் விலை மிக அதிகம், இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மிகக் குறைவு. நீர்த்தேக்கங்கள் வற்றும் மாதங்களில் உச்சநேரத் தேவையை ஈடுசெய்ய இறக்குமதி எண்ணெயை எரிக்க வேண்டியிருப்பதே இந்த வேறுபாட்டுக்கு முக்கிய காரணம். இரண்டாவது கிலோவோல்ற் அம்பியர் கணக்கில் அறவிடப்படும் உச்சக் கேள்விக் கட்டணம். 40 கிலோவோட் சுமையுள்ள ஒரு தொழிற்சாலையின் வலுக்காரணி 0.7 ஆக இருந்தால் அது 57 கிலோவோல்ற் அம்பியருக்குக் கட்டணம் செலுத்த நேரும். தகுந்த கொள்ளளவிகளைப் பொருத்தி வலுக்காரணியை 0.95 ஆக உயர்த்தினால் அதே வேலைக்கு 42 போதும். இது பட்டியலில் அச்சிடப்பட்டிருந்தும் பலரது கண்ணுக்குப் புலப்படாத செலவாகும்.

கூரையும் சுவரும்

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் பிரதேசங்களுள் கினிகத்தேனை, வட்டவளை, நோட்டன் ஆகியன அடங்குகின்றன. வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவதுண்டு. கொழும்பின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே இங்கு பிரயோகிக்க முடியாதமைக்கு இதுவே காரணம். கொழும்பில் முதல் எதிரி வெப்பம். இங்கு முதல் எதிரி ஈரம்.

ஆகவே இவ்வூர்க் கட்டடங்களுக்கான முதற் சக்திச் சேமிப்புத் திட்டம் கூரைப்பீலியைத் துப்புரவு செய்வதேயாகும் எனக் கூறினால் அது வேடிக்கையன்று. பீலி அடைபட்டு வழியும் நீர் சுவரில் இறங்குகின்றது. நனைந்த சுவர் உலர்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்துகின்றது. உள்ளே ஈரப்பதனைக் கூட்டுகின்றது. பழைய மின்கம்பிகளில் கசிவை உண்டாக்கி உயிராபத்துக்கும் வழிவகுக்கின்றது. கட்டடத்தின் பின்புறம் மண்மேட்டோடு ஒட்டி நிற்குமாயின், சுவருக்கும் மேட்டுக்கும் இடையே வடிகால் அமைப்பது இன்றியமையாதது. மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆளி ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும். மாதமொரு தடவை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் வேண்டும்.

மழை ஓய்ந்து வெயில் எறிக்கும்போது தகரக்கூரையின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும். அந்தி சாய்ந்ததும் அதே தகரம் விரைவில் குளிர்ந்து, உட்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பிப் பொருட்களின் மீது சொட்டும். வெண்ணிறப் பூச்சு பகல் வெப்பத்தைத் தணிக்கும். தகரத்துக்குக் கீழே சிறு காற்று இடைவெளி விட்டுப் பளபளப்பான வெப்பத்தடுப்புத் தாளை விரித்தால் பகல் வெப்பம், இரவுக் குளிர், சொட்டும் நீர் ஆகிய மூன்றும் குறையும். தடிப்பான நுரைத்தடுப்பைச் சேர்த்தால் மழையின் பேரொலியும் அடங்கும். அஸ்பெஸ்டஸ் கூரையுள்ளவர்கள் மட்டும் ஓர் எச்சரிக்கையை மனதில் கொள்ள வேண்டும். அதை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் வெட்டுவதும் துளையிடுவதும் நுரையீரலுக்குத் தீங்கான தூசை எழுப்பும். அத்தகைய வேலையைத் தக்க பாதுகாப்புடன் அனுபவமுள்ளவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

காற்றோட்டம் அடுத்தது. நம் பழைய கடைகளில் கதவுக்கு மேலே மரச்சட்டத் துவாரங்கள் இருந்தன. சூடான ஈரக்காற்று மேலெழுந்து அவற்றின் வழியே வெளியேறியது. அழகுபடுத்துவதாக எண்ணி அவற்றைப் பலகை அடித்து மூடிவிட்டுப் பின்னர் மின்விசிறி வாங்குவது வழக்கமாகிவிட்டது. பூச்சி புகாத வலையிட்டு அத்துவாரங்களை மீண்டும் திறப்பதற்குச் சில ஆயிரம் ரூபாவே செலவாகும்.

வெளிச்சம், குளிர், சுடுநீர்

பழைய 36 வோட் ரியூப் விளக்கு, அதன் இரும்புச் சோக்கையும் சேர்த்தால், ஏறக்குறைய 46 வோட் மின்சாரத்தை எடுக்கும். அதன் இடத்தில் 18 வோட் எல்.ஈ.டி. விளக்கு போதும். பத்து விளக்குகள் நாளுக்கு 10 மணித்தியாலமாக மாதம் 26 நாட்கள் எரியும் கடையொன்றில் இம்மாற்றத்தினால் மிஞ்சுவது ஏறக்குறைய 73 அலகாகும். மாதம் 240 அலகு செலவிட்ட கடை 167 க்கு இறங்கி, முன்னர் குறிப்பிட்ட 180 என்ற எல்லைக்குள் வந்துவிடும்.

மலிவு விலையை மட்டும் பார்த்து விளக்கு வாங்கக்கூடாது என்பதும் குறிப்பிடத்தக்கது. புடைவைக்கடையில் வாங்கிய சேலை வீட்டுக்குச் சென்றதும் வேறு நிறமாகத் தெரிகின்றது எனக் குறைகூறாத பெண்கள் குறைவு. நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் விளக்கின் பெட்டியில் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். சாதாரண கடைகளுக்கு அது 80 க்கு மேலும், புடைவைக் கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் 90 அளவிலும் இருத்தல் நன்று. நகைக்கடைகளில் இன்னும் எரியும் 50 வோட் ஹலோஜன் குமிழ்கள் வெளிச்சத்தைவிட வெப்பத்தையே அதிகம் தருகின்றன. அந்த வெப்பத்தை வெளியேற்ற வளிச்சீராக்கி ஓடுகின்றது. ஒரே தவறுக்கு இரு தடவை பணம் செலுத்தப்படுகின்றது.

மின்விசிறியிலும் இதே நிலைதான். பழைய கூரை மின்விசிறி 70 வோட்டுக்கு மேல் எடுக்க, தூரிகையற்ற மோட்டார் கொண்ட புதிய வகை முழு வேகத்திலும் 35 வோட் அளவிலேயே ஓடுகின்றது. நாள்முழுவதும் சுழலும் விசிறியை முதலில் மாற்ற வேண்டும். எப்போதாவது சுழல்வதை அப்படியே விட்டுவிடலாம்.

குளிர்பானப் பெட்டிகளைப் பொறுத்தவரை, கதவின் இறப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் இலகுவாக வழுவி வந்தால் குளிரும் அவ்வழியே வெளியேறுகின்றது எனக் கொள்ளலாம். பின்புறச் சுருள்களில் படியும் தூசைத் துடைப்பதும், பெட்டியைச் சுவரிலிருந்து சிறிது தள்ளி வைப்பதும், சாப்பாட்டுக்கடையாயின் அடுப்பருகில் வைக்காதிருப்பதும் பணச் செலவில்லாத திருத்தங்களாகும்.

வளிச்சீராக்கி இங்குள்ள வங்கிக் கிளைகளிலும் பாமசிகளிலும் காணப்படுகின்றது. மருந்துகளுக்கும் இயந்திரங்களுக்கும் அது தேவைப்படலாம். ஆனால் வெளியே இதமான குளிர் நிலவும்போது உள்ளே 18 பாகையில் வைத்துவிட்டு ஊழியர்கள் கம்பளிச் சட்டை அணிந்திருப்பது எவ்வகையிலும் பொருந்தாது. வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது இந்தியாவின் சக்தித் திறன் பணியகத்தின் கணிப்பாகும். அந்நாட்டில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரச் சுட்டி பெறும் அறை வளிச்சீராக்கிகள் 24 பாகையை இயல்பு நிலையாகக் கொண்டே விற்பனைக்கு வருகின்றன.

சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் யாத்திரிகர்களைத் தங்கவைக்கும் விடுதிகளுக்குச் சுடுநீரே பெருஞ்செலவு. 50 லீற்றர் நீரை 18 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 1.6 அலகு தேவை. அதே மின்சாரத்தில் 10 வோட் விளக்கொன்று 160 மணித்தியாலம் எரியும். விடுதிக்காரர் விளக்குகளை அணைத்துத் திரிவதைவிடச் சுடுநீர்த் தொட்டிக்கும் குழாய்களுக்கும் வெப்பத்தடுப்புச் சுற்றுவது பன்மடங்கு பயன்தரும். பெரிய செலவு எதுவென அறிந்து அங்கிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

'ஸ்டோர்' என்னும் பெருங்கட்டடம்

தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையே இப்பிரதேசத்தின் மிகப்பெரிய வர்த்தகக் கட்டடமாகும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதாவது ஒவ்வொரு கிலோ தூளுக்கும் மூன்றரைக் கிலோ நீரைக் காற்றோடு கலக்கச் செய்ய வேண்டும். தேயிலைத் தொழிலின் சக்திக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றது. அதன் பெரும்பங்கு விறகாகவும், எஞ்சியது மின்சாரமாகவும் செலவாகின்றது.

அக்காலத்தில் மேல்மாடிகளில் வரிசையாக யன்னல்கள் அமைத்து, இயற்கைக் காற்றிலேயே கொழுந்தை வாட்டினர். நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தமது ஓடைகளில் சிறு நீர்ச்சுழலிகளை அமைத்து இயந்திரங்களை ஓட்டின. ஓடை தரும் வலுவுக்கு மேல் ஒரு துளியும் கிடையாது என்பதால், எந்த இயந்திரத்தை எப்போது ஓட்டுவது என்பதில் அன்றைய தொழிற்சாலைகள் மிகுந்த கட்டுப்பாட்டுடன் நடந்தன. தேசிய மின்வலையமைப்பிலிருந்து மலிவான மின்சாரம் வந்ததும் சுழலிகளுள் பல கைவிடப்பட்டன. அவற்றோடு அந்தக் கட்டுப்பாடும் கைவிடப்பட்டது என்பதே வருந்தத்தக்கது.

இன்று கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் மின்செலவின் பெரும்பங்கை விழுங்குகின்றன. விசிறியின் வேகத்தை நூற்றுக்கு 20 பங்கு குறைத்தால் அது எடுக்கும் வலு ஏறக்குறைய பாதியாகக் குறையும். இது பொறியியலின் அடிப்படை விதி. மழைநாளில் பறித்த கொழுந்தின் மேலீரம் போகும்வரை முழுக்காற்றும் தேவை. அதன் பின்னர் தேவையில்லை. ஆயினும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத தொழிற்சாலையில் விசிறி விடியும்வரை ஒரே வேகத்தில் ஓடுகின்றது. வாட்டும் வேலையின் பெரும்பகுதி கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் நடைபெறுவது தேயிலைத் தொழிலுக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பாகும். உருட்டும் இயந்திரங்களையும் உச்சநேரத்திலிருந்து விலக்கி வைத்தால் அதன் முழுப்பயனையும் பெறலாம்.

விறகின் நிலையும் கவனத்துக்குரியது. புதிதாக வெட்டிய விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீராகவே இருக்கும். மழையில் கிடக்கும் விறகை அடுப்பில் இடுவது, தேயிலையின் நீரைப் போக்குவதற்கு முன்னர் விறகின் நீரைப் போக்கப் பணம் செலவிடுவதாகும். கினிகத்தேனை போன்ற மழைபிரதேசத்தில் நல்ல காற்றோட்டமுள்ள ஒரு விறகுக்கொட்டகை, எந்த நவீன கருவிக்கும் குறையாத சேமிப்பைத் தரவல்லது. தமிழ்நாட்டு மலைப்பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவற்றில் வெயிலில் சூடாகும் கூரையின் வெப்பத்தையே காற்றாக உறிஞ்சித் தூள் காய்ச்சும் பகுதிக்கு அனுப்பி, விறகைக் குறைத்த அனுபவமும் உண்டு.

இவை எல்லாவற்றிலும் தொழிலாளியின் உடல்நலமும் அடங்கியுள்ளது. தூள் காய்ச்சும் இயந்திரத்தின் மூட்டுகளிலும் குழாய்களிலும் கசியும் வெப்பக்காற்று விறகின் நட்டம் மட்டுமல்ல. அங்கு எட்டு மணித்தியாலம் நிற்கும் மனிதரின் வேதனையுமாகும். சலிக்கும் அறையில் தூசும் மங்கிய வெளிச்சமும் அங்கு வேலை செய்யும் பெண்களின் கண்ணையும் மூச்சையும் பாதிக்கின்றன. ஒளிபுகும் கூரைத்தகடுகளைக் கழுவித் தூசு உறிஞ்சியைச் சீர்செய்தால் பகலில் விளக்கும் தேவைப்படாது, தூளின் தரமும் உயரும். தொழிலாளியின் வசதி ஆடம்பரம் என எண்ணும் நிர்வாகங்கள் தமது விறகுக் கணக்கையும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது.

பிறர் தரும் பாடம்

பழைய கட்டடத்தைத் திருத்துவது வீண்வேலை, இடித்துக் கட்டுவதே மேல் என வாதிடுவோர் உளர். அவர்களுக்குப் பதிலாகச் சில உண்மைகளை முன்வைக்கலாம். நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேற் கட்டடம் 1931 இல் கட்டப்பட்டது. 2009 இல் அதன் சக்திப் பாவனையை 38 சதவீதத்தினால் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் 6,514 யன்னல்களும் வெளியே வீசப்படவில்லை. அக்கட்டடத்துக்குள்ளேயே பட்டறை அமைத்து, பழைய கண்ணாடிகளைக் கொண்டே வெப்பத்தைத் தடுக்கும் யன்னல்களாக மாற்றப்பட்டன. முதலில் வெப்பம் உட்புகுவது குறைக்கப்பட்டதால், குளிரூட்டும் இயந்திரங்களைப் பெரிதாக்க வேண்டிய தேவை நீங்கி, இருந்தவற்றையே புதுப்பிப்பது போதுமானதாயிற்று. முதலில் கட்டடம், பின்னர் இயந்திரம் என்ற ஒழுங்கின் பெறுமதி இதுவே.

நம் நாட்டிலும் உதாரணம் இல்லாமலில்லை. சீதுவையில் ஏறக்குறைய முப்பது ஆண்டு பழைமையான ஆடைத் தொழிற்சாலை ஒன்றைப் பிரண்டிக்ஸ் நிறுவனம் திருத்தியமைத்து, 2008 இல் அமெரிக்கப் பசுமைக் கட்டட சபையின் பிளாட்டினம் தரத்தைப் பெற்றது. சக்திப் பாவனை 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. கந்தப்பளையில் 1970 களில் மூடப்பட்ட ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை இடிக்கப்படாமல் 1996 இல் விருந்தினர் விடுதியாக மறுவாழ்வு பெற்றதையும் நாம் அறிவோம். நிற்கும் சுவரில் உறைந்துள்ள செங்கல், சீமெந்து, இரும்பு ஆகியவற்றுக்கான சக்தி ஏற்கனவே செலவாகிவிட்டது. இடித்தால் அதை மீண்டும் செலவிட வேண்டும்.

வாடகை என்னும் முடிச்சு

இவ்வளவு எளிதான காரியம் ஏன் நடைபெறவில்லை என வாசகர் கேட்கலாம். அறியாமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வாடகை. நம் நகரங்களின் கடைகளில் பெரும்பாலானவை வாடகைக் கட்டடங்கள். கூரை உரிமையாளருடையது, மின்பட்டியல் குத்தகைக்காரருடையது. கூரையைத் திருத்தினால் இலாபம் தமக்கில்லை என உரிமையாளர் பேசாதிருக்கின்றார். நாளை காலி செய்ய நேர்ந்தால் போட்ட பணம் போய்விடும் எனக் கடைக்காரரும் பேசாதிருக்கின்றார். இருவரும் பேசாதிருக்கும் இடைவெளியில் மின்சாரம் ஒழுகிக்கொண்டிருக்கின்றது.

சட்டம் இந்த இடைவெளியைப் போதிய அளவு நிரப்பவில்லை. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை நிலைபெறுதகு சக்தி அதிகார சபை உருவாக்கப்பட்டது. பெரிய பாவனையாளர்களுக்குச் சக்தி முகாமையாளர், சக்திக் கணக்காய்வு ஆகிய ஏற்பாடுகளும் வந்தன. சக்தித்திறன் மிக்க கட்டடங்களுக்கான கோவை 2000 இல் வெளிவந்து 2008 இல் திருத்தப்பட்டது. ஆனால் நான்கு மாடி, 500 சதுர மீற்றர், 100 கிலோவோல்ற் அம்பியர் போன்ற அளவுகளைத் தொட்ட கட்டடங்களையே அது நோக்கியது. இரண்டு கதவுள்ள கடைத்தெருக் கடை அதன் பார்வைக்குள் வரவில்லை.

ஆகவே இந்த முடிச்சை உள்ளூரிலேயே அவிழ்க்க வேண்டியுள்ளது. வாடகை உடன்படிக்கையில் மூன்று வாசகங்கள் சேர்ந்தால் போதும் என்பது எமது கருத்தாகும். கூரை, பீலி, பிரதான மின்கம்பிகள் ஆகியவற்றைக் குறித்த காலத்துக்குள் திருத்துவது உரிமையாளரின் கடமை என்பது முதலாவது. உரிமையாளரின் சம்மதத்துடன் கடைக்காரர் செய்யும் நிலையான திருத்தத்தின் செலவு வாடகையில் தவணையாகக் கழிக்கப்படும் என்பது இரண்டாவது. புதிதாக வாடகைக்கு வருபவருக்கு முந்திய 12 மாத மின்பட்டியல்கள் காட்டப்பட வேண்டும் என்பது மூன்றாவது.

இதைத் தொடங்கி வைக்கத் தகுந்தவர்கள் யாவர்? கடைத்தொகுதிகளை வாடகைக்கு விடும் பிரதேச சபைகள் முதலில் முன்வரலாம். பல ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் கோயில் அறங்காவலர் சபைகளும் கடைகளின் உரிமையாளர்களாக இருக்கின்றன. அந்த வாடகை வருமானம் சமூகப் பணிக்கே செல்வதால், கூரை திருத்தப்பட்ட கடையில் வியாபாரி நிலைத்து நிற்பது அந்நிறுவனங்களுக்கும் நன்மையே. வர்த்தக சங்கங்கள் பத்து, இருபது கடைகளைச் சேர்த்துப் பயிற்சி பெற்ற சக்திக் கணக்காய்வாளர் ஒருவரைப் பொதுச்செலவில் அழைத்தால் தனிக்கடைக்கு ஆகும் செலவு சொற்பமாகும். விளக்குகளையும் மின்விசிறிகளையும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். தரமும் உத்தரவாதமும் கிடைக்கும்.

சூரியத் தகடுகளை நாம் எதிர்க்கவில்லை. எனினும் மாதக்கணக்கில் முகில் மூடிக்கிடக்கும் இச்சரிவில், வறண்ட வலயத்தில் கிடைக்கும் அளவு வெயிலை எதிர்பார்க்க முடியாது. ஒழுகும் கூரைமேல் தகடு பதித்துவிட்டுப் பின்னர் கூரையைத் திருத்த மீண்டும் அதைக் கழற்றுவது வீண்செலவு. தேவையை முதலில் குறைத்தவருக்குச் சிறிய தகடே போதும்.

மின்சார நெருக்கடி வரும்போது மட்டும் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதும், மழை பெய்து நீர்த்தேக்கங்கள் நிரம்பியதும் அதை மறப்பதும் நமது வழக்கமாகிவிட்டது. ஒரு நகரை நீருக்குள் இழந்து பெற்ற மின்சாரம் அடைபட்ட பீலியாலும் கிழிந்த இறப்பர் விளிம்பாலும் வீணாகக்கூடாது. அடுத்த பருவமழைக்கு முன்னர் கட்டட உரிமையாளரும் வாடகைக்காரரும் ஒருதடவை ஒன்றாகத் தமது கூரையின் கீழ் நின்று மேலே பார்க்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.